ஆஷாக்கள் நடத்திய போராட்டம்: உள்ளே ஒரு எட்டு!

முதலில் அந்த மழையைச் சொல்லியே ஆக வேண்டும்! 2025 மார்ச் தொடக்கம், திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசல். தலைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயைப் போலீசார் அகற்றிவிட்டார்கள். மழை வேறு கொட்டுகிறது. கலைந்து போய்விடுவார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அந்தப் பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு அதே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் குடையும் மழைக்கோட்டும் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் மத்திய இணையமைச்சர் சுரேஷ் கோபி. ஆமாம், நடிகர் சுரேஷ் கோபியேதான்!

யார் இவர்கள்? ஆஷா பணியாளர்கள். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-இல் தொடங்கியபோது, சுமார் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டு உருவாக்கிய பெண்கள் படை. தமிழ்நாட்டில் நமக்குக் கிராம சுகாதாரச் செவிலியரைத் தெரிந்த அளவுக்கு ஆஷாவைத் தெரியாது. கேரளத்திலோ 26,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அப்போது அவர்களின் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். ஒரு நாளைக்குப் பிரித்தால் 233 ரூபாய். கேட்டது மாதம் 21,000 ரூபாயும், ஓய்வு பெறும்போது 5 லட்சமும். 2025 பிப்ரவரி 10 அன்று கேரள ஆஷா சுகாதாரப் பணியாளர் சங்கம் இரவு பகல் போராட்டத்தைத் தொடங்கியது.

இனி திரையை விலக்கிப் பார்ப்போம், வாருங்கள். இவ்வளவு பெரிய போராட்டத்தை நடத்தும் திறமை எங்கிருந்து வந்தது? வேலையிலிருந்தேதான்! எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி, எந்தத் தாத்தா படுத்த படுக்கை என்று வார்டு முழுவதும் அவர்களுக்கு அத்துபடி. சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி வீடு வீடாகக் கேட்டு ‘சைலி’ செயலியில் பதிவு செய்வதும் அவர்களே. கதவைத் தட்டிப் பேசியே பழகியவர்களுக்கு, ஆள் திரட்ட யார் வகுப்பெடுக்க வேண்டும்?

அவர்கள் நாள்காட்டியைப் பயன்படுத்திக்கொண்ட அழகைப் பாருங்கள்! மார்ச் 8, மகளிர் தினம்: செயலக வாசலில் பெண்களின் பெருங்கூட்டம். மார்ச் 13, ஆற்றுகால் பொங்காலை: நகரமே தெருவில் அடுப்பு வைக்கும் நாள். இவர்கள் போராட்டக் களத்திலேயே அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டார்கள். பானை பொங்கும்போது கோரிக்கையும் ஊர் கண்ணில் பட்டது. இதைவிடச் சிறந்த ஒரு விளம்பரத்தை எந்த நிறுவனமும் யோசித்திருக்க முடியாது என்பேன்!

மார்ச் 17 அன்று செயலகத்தை முற்றுகையிட்டார்கள். மதிப்பூதியம் பெற விதித்திருந்த நிபந்தனைகளை அரசு விலக்கிக்கொண்டது. அப்படியும் முக்கியக் கோரிக்கைகள் அசையவில்லை. மார்ச் 20-இல் உண்ணாவிரதம். ஐம்பதாவது நாளான மார்ச் 31 அன்று பலர் கூந்தலை வெட்டினார்கள், சிலர் தலையை மழித்தே விட்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது, அதை ஒளிக்கவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. ஆளுங்கட்சித் தொழிற்சங்கத் தலைவர்கள் கடுமையாகச் சாடினார்கள். பதவி உயர்வோ பட்டமோ கேட்டு அல்ல, கூலி கேட்டு உட்கார்ந்த பெண்களை அப்படிப் பேசியது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் எதிர்க்கட்சிகள் ஆண்ட சில உள்ளாட்சி அமைப்புகள் சொந்த நிதியிலிருந்து ஆஷாக்களுக்குக் கூடுதல் தொகை தருவதாகத் தீர்மானம் போட்டன.

அப்புறம் வந்தது யாத்திரை! மே 5 அன்று காசர்கோட்டில் கிளம்பி, சங்கத்தின் பொதுச் செயலாளர் எம்.ஏ. பிந்து தலைமையில், மாவட்டம் மாவட்டமாகத் தங்கித் தங்கி, ஜூனில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார்கள். கேரளத்தின் வட முனையிலிருந்து தென் முனை வரை!

இத்தனைக்கும் சட்டப்படி இவர்கள் தொழிலாளர்கள் இல்லை, தன்னார்வலர்கள். இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-இலேயே தொழிலாளராக ஏற்கப் பரிந்துரைத்தும் நிலை மாறவில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்கள் அத்தனை பேருக்கும் விருது கொடுத்துக் கௌரவித்தது. விருதைக் கொண்டுபோய் அரிசி வாங்க முடியுமா?

பலன்? 2025 ஜூலையில், ஆஷாக்களின் வழக்கமான பணிகளுக்கான மாத ஊக்கத்தொகை 2,000-லிருந்து 3,500 ரூபாயாக உயர்வதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அக்டோபரில் முதல்வர் இல்லம் நோக்கிப் போனவர்கள் மீது போலீசார் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி கேரள அரசு மதிப்பூதியத்தை 1,000 ரூபாய் கூட்டியது. ஆக, 8,000. கேட்டதில் பாதிகூட இல்லை. நவம்பர் 1 அன்று, எட்டரை மாதத்துக்கு மேல் குடியிருந்த நடைபாதையை விட்டு அவர்கள் எழுந்தார்கள். எழுந்தது வீட்டுக்குப் போவதற்கு மட்டுமல்ல, போராட்டத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகவும்தான் என்று அறிவித்துவிட்டே எழுந்தார்கள்.