ஃபிஸ்டுலா கையில் அதிர்வு குறைகிறதா? தள்ளிப்போடாதீர்கள்!

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் தினமும் காலையில் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள இடத்தில் விரல்களை மெதுவாக வைத்துப் பாருங்கள். 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு தெரிய வேண்டும். ரத்தம் நன்றாக ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கையில் தமனியையும் சிரையையும் இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. இந்த முறையை அமெரிக்க மருத்துவர்கள் பிரெஷியா, சிமினோ குழுவினர் 1966-ல் வெளியிட்டார்கள். நாளடைவில் அந்த ரத்தக்குழாய் சிலருக்குச் சுருங்கிவிடலாம். அதிர்வு குறைவது, கை வீங்குவது, ஊசி எடுத்த பிறகு வெகுநேரம் ரத்தம் கசிவது, டயாலிசிஸ் மெஷினில் அடிக்கடி அலாரம் அடிப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது டாக்டர் பரிந்துரைப்பதுதான் 'ஃபிஸ்டுலோகிராம்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

போவதற்கு முன்...

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை நோய் இருக்கிறதா, ஏதாவது மருந்து ஒவ்வாமை உண்டா, இன்னும் சிறுநீர் போகிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. துணைக்கு ஒருவர் வருவது நல்லது.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். மெல்லிய குழாய் வழியே சாயம் போன்ற ஒரு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து ஏறும்போது கையில் சூடு பரவுவதுபோல இருக்கலாம். அடைப்பு எங்கே இருக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும். சுருக்கம் இருந்தால், பெரும்பாலும் அப்போதே சிறு பலூனை உள்ளே விட்டு விரிப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் வலிக்கலாம். தாங்க முடியாவிட்டால் உடனே சொல்லுங்கள், வலி குறைய மருந்து தருவார்கள். பலரும் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

சில நாட்களுக்கு அந்தக் கையால் குடம், கனமான பை தூக்க வேண்டாம். ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை விரலால் நேரடியாக அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் 108-க்கு அழையுங்கள். காய்ச்சல், சிவப்பு, வீக்கம், கை சில்லிட்டுப் போவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தக் கையில் எப்போதுமே பிபி பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். இறுக்கமான வளையல், வாட்ச் கூடாது.

சுருக்கம் மீண்டும் வரலாம். அதனால் சிலருக்கு இந்தச் சிகிச்சை திரும்பவும் தேவைப்படும். மனம் தளர வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அதிர்வு அடியோடு நின்றுவிட்டால், 'அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது சொல்லிக்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே போனால் ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். தாமதித்தால் அது வீணாகி, கழுத்தில் குழாய் போட வேண்டிய நிலை வரலாம்.

வீட்டில் இருப்பவர்களும் தினமும் ஒருமுறை கேளுங்கள்: ''இன்னைக்குக் கையைத் தொட்டுப் பார்த்தீங்களா?''