மார்க்கை மட்டும் கேட்காதீர்கள்!

பிளஸ் டூ முடித்த என் மகள், "நர்ஸிங் படிக்கப் போறேம்மா" என்றதும் எனக்குப் பகீரென்றது. "ராத்திரி டியூட்டி, ஓயாத நிற்றல்... உனக்கெதுக்குடி? பி.காம். படிச்சு பாங்க் பரீட்சை எழுது" என்றேன்.

என் மாமியார்தான் டாக்டர் சாந்தாவை நினைவுபடுத்தினார். 1955-ல் அரசு மருத்துவமனை வேலை கிடைத்தும் அதை வேண்டாமென்று, 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தவர் அவர். 2021-ல் கண் மூடும்வரை அதுதான் அவர் உலகம்.

அன்றிரவு மகளிடம் கேட்டேன்: "எந்த வேலை உனக்கு அலுக்காது? எது குறைஞ்சா பரவாயில்லை?"

"பாட்டி கால் புண்ணுக்கு மூணு மாசம் கட்டுப் போட்டேனே, ஒருநாளும் அலுக்கலைம்மா. சம்பளம் குறைஞ்சா பரவாயில்லை."

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ராத்திரி டியூட்டி பயம் மட்டும் இன்னும் போகவில்லை. ஆனால் அது என் பயம், அவளுடையதல்லவே! சகோதரிகளே, பிள்ளைகளிடம் மார்க்கைக் கேட்குமுன் மனசைக் கேளுங்கள்.