ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதினார்கள்?

2025 நவம்பர் 24 அன்று தென்காசி மாவட்டம் இடைகால் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. உயிர்கள் போயின, பலர் காயமடைந்தார்கள். அவ்வளவு பெரிய விபத்து என்றால் போலீஸ், அதிகாரிகள், செய்தியாளர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள், பதிவுகளும் தாமாக நடக்கும். ஆனால் சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் கார் இடித்துக் கால் முறிந்து கிடக்கும் ஒருவருக்கு அப்படி நடக்காது. வீட்டார்தான் கவனித்துச் செய்ய வேண்டும்.

முதலில் 108. பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரிலிருந்து இது நடக்கிறது; வெளியூர்க்காரருக்கும் உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. தூக்கிவந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்டு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார். பலருடைய வழக்கு கெடுவது இங்கேதான். 'போலீஸ், கோர்ட் என்று யார் அலைவது, தானே விழுந்ததாகச் சொல்லிவிடு' என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்வார். பின்னாளில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். இடித்த வண்டி, எண் தெரிந்தால் எண், இடம், நேரம் எல்லாவற்றையும் நடந்தபடியே சொல்லுங்கள். இடிக்காத வண்டியை இடித்ததாகச் சொல்வது குற்றம், அதையும் செய்யாதீர்கள்.

ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத்தபாலில் புகார் அனுப்பலாம். கார்க்காரர் செலவுக்குக் கொஞ்சம் பணம் நீட்டி, 'கேஸ் வேண்டாம்' என்று எழுதித் தரச் சொல்வார். எலும்பு கூடுமா, தலைக்குள் கசிவு இருக்கிறதா என்று தெரியாத நாளில் போடும் அந்தக் கையெழுத்து, பிறகு உங்களுக்கே எதிராக நிற்கும்.

இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த இடத்திலும் கொடுக்கலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்க 164-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் தவறை நிரூபித்து 166-ஆம் பிரிவின் கீழ் கூடுதலாகக் கேட்கும் வழி அடைபடும். பாதிப்பு பெரிது என்றால் அவசரப்படாதீர்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தொகை எப்படிக் கணக்காகிறது? ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பு கெட்ட அளவு வேறு. கையை இழந்த தச்சருக்கு வருமானம் மொத்தமும் போகலாம். அரசு எழுத்தருக்கு வேலையே போகாமலிருக்கலாம். சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளிக்கு இது நேரடியாகப் பொருந்தும். இரண்டு விரல் மடங்காவிட்டால் இழை முடிச்சுப் போட முடியாது. எனவே தறி முதலாளியிடம் வாரக்கூலிக் கணக்கை எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டோடு ஆட்டோ வாடகை, கூட இருந்து பார்த்தவரின் கூலியிழப்பு என எல்லாவற்றுக்கும் கணக்கு வையுங்கள்.

வார்டுக்கே வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.