ராஷ்கார்டு வாங்கப் போறீங்களா? பிராண்டுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இதுதான்!

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு, கிராப்ளிங் வகுப்பில் சேர்ந்ததும் பலரும் கேட்கும் கேள்வி, "எந்த பிராண்ட் ராஷ்கார்டு நல்லது?" என்பதுதான். வெளிநாட்டு பிராண்ட் என்றால் ஒரே டாப்புக்குச் சில ஆயிரங்கள் கூட ஆகலாம். அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? பார்க்கலாம்.

ராஷ்கார்டு எதற்கு?

உடம்போடு ஒட்டி நிற்கும் இந்த டாப் முதலில் அலைச்சறுக்கு வீரர்களுக்காக வந்தது. கிராப்ளிங்கில் தரையில் உருண்டு புரண்டுதான் சண்டை. மேட்டில் உரசி தோல் சிராய்ப்பதையும், எதிராளியின் தோல் நேரடியாக நம் மேல் படுவதையும் இது குறைக்கும். மேட்டில் கபடி ஆடுபவர்களுக்கு அந்த எரிச்சல் நன்றாகவே தெரியும்.

காட்டன் டி-ஷர்ட் போதாதா?

ராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வெயிலுக்கு என்ன துணி என்று கேட்டால், யோசிக்காமல் வரும் பதில் காட்டன். ராஜபாளையம் மில்ஸ் 1936-லேயே தொடங்கிய ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. பேண்டேஜுக்குக் காட்டன் ஏன்? ஈரத்தை நன்றாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான். கிராப்ளிங்கில் அந்தக் குணமே பிரச்னை.

சாதாரண காற்றிலேயே காட்டன் தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. வியர்வையில் நனைந்த காட்டன் கனத்து, தொங்கி, சுருண்டு மேலே ஏறும். தொளதொள டி-ஷர்ட்டில் எதிராளியின் விரல் சிக்கினால் அவருக்குக் காயம் ஆகவும் வாய்ப்பு உண்டு.

எதைப் பார்த்து வாங்கணும்?

துணி: லேபிளைப் படியுங்க. 80 முதல் 85 சதவீதம் பாலியஸ்டர், மீதி ஸ்பான்டெக்ஸ் என்பது வழக்கமான கலவை. ஸ்பான்டெக்ஸையே எலாஸ்டேன், லைக்ரா என்றும் போட்டிருப்பார்கள். அது இல்லாத டாப் இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது.

தையல்: உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேடு தட்டாமல் தட்டையாக இருந்தால் அது ஃப்ளாட்லாக். மேடாக இருந்தால் அக்குள், தோள் பகுதியில் உரசிப் புண்ணாகும்.

பிரிண்ட்: சப்ளிமேஷன் முறையில் சாயம் நூலிலேயே இறங்கிவிடும், உரியாது. மேலே ஒட்டிய ஸ்டிக்கர் பிரிண்ட் சில துவைப்புகளிலேயே வெடிக்கலாம்.

அளவு: கையை மேலே தூக்கிக் குனிந்து பாருங்க. இடுப்பு தெரியக் கூடாது, மூச்சும் முட்டக் கூடாது.

எந்த பிராண்ட் யாருக்கு?

வேனம்: பிரான்ஸ் நிறுவனம். 2021 முதல் யு.எஃப்.சி. வீரர்களுக்கு அதிகாரப்பூர்வ உடை தருகிறது. எம்.எம்.ஏ., கிராப்ளிங் இரண்டும் பழகுபவர்களுக்கு டிசைன்கள் நிறைய.

ஹயபுசா: கனடா நிறுவனம். விலையில் மேல்தட்டு.

டடாமி: வேல்ஸ் நாட்டில் இருந்து வரும் ஜியு-ஜிட்சு பிராண்ட். பெல்ட் நிறம் சேர்த்த ராஷ்கார்டுகளும் இதில் உண்டு. போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்கலாம்.

சனாபுல்: அமெரிக்க பிராண்ட். குறைந்த பட்ஜெட்டில் தொடங்குபவர்களைக் குறிவைப்பது.

டெகாத்லான்: கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதுதான் பெரிய பலம். ஆனால் அலைச்சறுக்குக்கான டாப் இழுபறிக்கென்று தைத்தது இல்லை. பழகத் தொடங்க ஓகே.

இன்வின்சிபிள் போன்ற இந்திய பிராண்டுகளில் இறக்குமதிச் செலவு இல்லை. ஒரே பிராண்டிலேயே மாடலுக்கு மாடல் துணி மாறும். அதனால் எந்தப் பெயராக இருந்தாலும் மேலே சொன்ன நான்கையும் பாருங்க.

வகுப்பு மொத்தத்துக்கும் வேண்டுமென்றால் திருப்பூரில் ஜெர்சி தைத்து சப்ளிமேஷன் போடும் யூனிட்களிடம் கேட்கலாம். ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி, ஃப்ளாட்லாக் தையல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. இல்லாவிட்டால் கிரிக்கெட் ஜெர்சிதான் வந்து சேரும்.

போட்டிக்கு என்ன விதி?

ஐ.பி.ஜே.ஜே.எஃப். நடத்தும் நோ-கி போட்டிகளில் டாப் உடம்போடு ஒட்டியதாக, ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டி வரை மறைப்பதாக இருக்க வேண்டும். நிறம் கறுப்பு, வெள்ளை அல்லது இரண்டும் கலந்தது. அதில் குறைந்தது 10 சதவீதம் உங்கள் பெல்ட் நிறம் இருக்க வேண்டும். முழுக்க பெல்ட் நிறத்திலும் அணியலாம். சூப்பர் ஹீரோ படம் போட்ட டாப் பயிற்சிக்கு மட்டும்தான்.

தோல் நோய் வராதா?

ராஷ்கார்டு ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. படர்தாமரை மேட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதில் பரவும். வட்டமாகச் சிவந்து அரித்தால் மேட்டில் இறங்காமல் தோல் மருத்துவரைப் பாருங்க. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பைத் தற்காலிகமாக அடக்கும், தொற்றை முற்ற வைத்துவிடும்.

வகுப்பு முடிந்ததும் டாப்பைப் பையிலேயே சுருட்டி வைக்காமல் அன்றைக்கே துவைக்கணும். குளிர்ந்த தண்ணீர் போதும். ப்ளீச், சூடான அயர்ன் இரண்டும் ஸ்பான்டெக்ஸைக் கெடுக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் வியர்வை வெளியேறுவதைத் தடுக்கும். நிழலில் உலர்த்துங்க.

வாரம் மூன்று நாள் வகுப்பு என்றால் ஒரே டாப்பைத் துவைத்துக் காயவைத்துச் சமாளிப்பது கஷ்டம், மழைக்காலத்தில் இன்னும் கஷ்டம். அதனால் கையில் இருக்கும் பணத்துக்கு விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிட, தையல் சரியாக இருக்கும் சாதாரண ராஷ்கார்டு இரண்டு வாங்குவதே தோலுக்கும் பர்ஸுக்கும் நல்லது.