பாரத்தை எங்கே வைப்பது?

ரைஸ் மில்லுக்குச் சைக்கிளில் மூட்டை கொண்டுபோனவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு கனமான கேள்வி என்று. கேரியரில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி, மேட்டில் ஏறும்போது ஹேண்டில்பார் கைக்கு அடங்காது. ஹேண்டில்பாரில் மாட்டினால் பை ஆடும். ஆடுகிற பை வண்டியையும் ஆட்டும். பாரில் சாய்த்து வைத்தால் முழங்கால் இடிக்கும். சிறுவயதில் நான் மூன்றையும் முயன்றிருக்கிறேன், மூன்றிலும் மாவைச் சாலைக்குத் தானம் செய்திருக்கிறேன். பால்காரர் மட்டும் கேரியரின் இரண்டு பக்கமும் கேன்களைத் தாழத் தொங்கவிட்டு, சொட்டுச் சிந்தாமல் போவார். பாதி விடை அவரிடம் இருந்தது. மீதியைக் கண்டுபிடித்தவர்கள் டென்மார்க்கின் இரும்புப் பட்டறைக்காரர்கள்.

கோபன்ஹேகனில் ஒரு காலை நேரம் சாலையோரம் நின்றால் சைக்கிள் என்ற சொல்லுக்குள் இத்தனை வடிவங்களா என்று தோன்றும். ஓட்டுபவருக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. அதற்குள் இரண்டு குழந்தைகள், அல்லது ஒரு நாய், அல்லது வாரத்துக்கான மளிகை. இன்னொன்றில் பெயின்டரின் ஏணியும் வாளிகளும். பெட்டியைத் தாண்டி, எங்கோ தொலைவில், பொம்மைச் சக்கரம் போல ஒரு சிறிய முன்சக்கரம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே அது வீட்டுச் சாமான்.

இரண்டு சக்கரமும் நீண்ட உடம்பும் கொண்ட அந்த வகைக்கு 'லாங் ஜான்' என்று பெயர். 1920களில் பிறந்தது. இதை உருவாக்கும் முறையைச் சொல்வது எளிது: ஒரு சாதாரண சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்து ஒரு மீட்டர் முன்னால் இழுங்கள். சக்கரத்தைச் சிறிதாக்குங்கள். நடுவிலுள்ள குழாயைக் கணுக்கால் உயரத்துக்கு இறக்குங்கள். அங்கே கிடைக்கும் பள்ளத்தில் ஒரு பலகையைப் போடுங்கள். பாரத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஹேண்டில்பார் இங்கே, சக்கரம் அங்கே. எப்படித் திருப்புவது?

ஹேண்டில்பார் தண்டின் அடியில் ஒரு சிறிய கை. முன்சக்கரத்தின் போர்க்கில் இன்னொரு சிறிய கை. இரண்டையும் இணைத்து, பலகைக்கு அடியில் ஓடும் ஒரு நீண்ட கம்பி. இங்கே திருப்பினால் கம்பி முன்னும் பின்னும் நகர்கிறது, அங்கே சக்கரம் திரும்புகிறது. பொம்மலாட்டக்காரர் கையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு பொம்மையை வேறிடத்தில் ஆட்டுவது போலத்தான். பாரம் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புவதில்லை என்பதுதான் இதில் பெரிய லாபம். ஐம்பது கிலோ மூட்டை அசையாமல் கிடக்க, திரும்புவது சக்கரம் மட்டுமே.

சரி, பாரம் ஏன் தாழ இருக்க வேண்டும்? கவிழாமலிருக்கத்தானே என்பீர்கள். அங்கேதான் ஒரு வேடிக்கை. உள்ளங்கையில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள்; கண் சிமிட்டுவதற்குள் விழுந்துவிடும். ஒட்டடைக் கம்பை, துடைப்பம் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். கொஞ்சம் கையை அசைத்தால் நெடுநேரம் நிற்கும். எடை உயரத்தில் இருந்தால் சாய்வது மெதுவாக நடக்கிறது, திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அதனால் ஓடுகிற சைக்கிளுக்கு உயரமான பாரம் நாம் பயப்படுகிற அளவுக்கு எதிரியல்ல.

சிக்கல் நிற்கும்போது வருகிறது. ஓட்டம் நின்றதும் சமநிலை முழுவதும் ஊன்றிய ஒற்றைக் காலின் பொறுப்பு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் மூட்டை கொஞ்சம் சாய்ந்தால் அதைத் தாங்க எவ்வளவு முறுக்கு வேண்டுமோ, 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் போதும். நகரம் என்பது நின்று நின்று போகிற இடம். பால்காரரும் வாசலுக்கு வாசல் நிற்கிறவர்தான். அவர் கேன்கள் தாழ்ந்து தொங்கியதன் இயற்பியல் இதுதான்.

சைக்கிள் விழாமலிருப்பதே ஒரு தொடர் திருத்தம். ஈரத்தில் இறங்கி வந்த சக்கரம் காய்ந்த சாலையில் விடும் தடத்தைப் பாருங்கள்: கோடு நேராக இருக்காது, மெல்ல நெளியும். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் நாம் அறியாமலே இடப்பக்கம் திருப்புகிறோம். சக்கரங்கள் எடைக்கு அடியில் போய் நிற்கின்றன. பிறகு வலப்பக்கம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடந்துவிடும். லாங் ஜானில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு சோதனை. இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அச்சிடைத் தூரம் என்பார்கள். சாதாரண சைக்கிளில் அது ஒரு மீட்டருக்குச் சற்றுமேல். இதில் ஏறக்குறைய இரண்டு மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால், அதே அளவு கைப்பிடியைத் திருப்பும்போது வண்டி பாதிதான் திரும்பும். முதல்முறை ஓட்டுகிறவர், திரும்புகிறதா இல்லையா என்று சக்கரத்தைக் குனிந்து தேடுகிறார், தடுமாறுகிறார். அனுபவஸ்தர்கள் சொல்லும் ஒரே அறிவுரை: சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தைப் பார்.

இவ்வளவு பாரத்தையும் கடைசியில் தாங்குவது போக்ஸ் கம்பிகள். ஒரு சக்கரத்தின் 36 கம்பிகளையும் கழற்றித் தராசில் போட்டால் ஏறக்குறைய கால் கிலோதான் வரும். ஊக்கைவிடச் சற்றே தடித்த இந்தக் கம்பியை நிறுத்தி அழுத்தினால் வளைந்துவிடும். அதனால் தாங்க முடியாது. இழுக்கத்தான் தெரியும். ஹப்பை எல்லாத் திசையிலும் கம்பிகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன, முடிவே இல்லாத கயிறு இழுக்கும் போட்டி போல. மேலே பாரம் ஏறும்போது என்ன நடக்கிறது? மேல்கம்பிகள் இன்னும் இறுகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் மேல்கம்பிகளில் பெரிய மாற்றமே இல்லை. தரையைத் தொடும் இடத்தில் ரிம் ஒரு மயிரிழை தட்டையாகிறது, அங்குள்ள நாலைந்து கம்பிகள் சற்றே தளர்கின்றன. கீழே இழுக்கும் கோஷ்டி பிடியைத் தளர்த்தினால் மேலே இழுக்கும் கோஷ்டி கூடுதல் பலமில்லாமலே ஜெயிக்குமல்லவா? அந்த வித்தியாசம்தான் உங்களையும் மூட்டையையும் தூக்கி நிறுத்துகிறது. கம்பி முழுக்கத் தளர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால்தான் முன்கூட்டியே இறுக்கி வைக்கிறார்கள். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவர் கம்பிகளை விரலால் மீட்டிக் காது கொடுப்பது, தந்தி வாத்தியத்தைச் சுருதி சேர்க்கிற அதே காரியம்.

முன்சக்கரம் ஏன் சிறியது என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கம்பி குட்டையானால் சக்கரம் பக்கவாட்டில் வளைவது குறைகிறது, பெட்டியையும் தாழ வைக்க முடிகிறது. இன்று கோபன்ஹேகனில் வடிவமைக்கப்படும் 'புல்லிட்' என்ற அலுமினிய லாங் ஜானின் எடை 24 கிலோ அளவில்தான். ஓட்டுபவரையும் சேர்த்து 180 கிலோ ஏற்றலாம் என்கிறார்கள்: தன் எடையைப் போல ஏழரை மடங்கு.

சமநிலையே வேண்டாம் என்று இன்னொரு கூட்டம் முடிவெடுத்தது. கோபன்ஹேகனுக்குள் கிறிஸ்டியானியா என்றொரு பகுதி. கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்பை 1971இல் இளைஞர்கள் கைப்பற்றி, தங்கள் சொந்த விதிகளோடு வாழத் தொடங்கிய இடம். உள்ளே கார் கூடாது என்பது விதி. விதி போட்டாயிற்று, கேஸ் சிலிண்டரை யார் தூக்குவது? 1984இல் அங்கே பட்டறை வைத்திருந்த லார்ஸ் எங்ஸ்ட்ரோம், தன் துணைவி ஆனிக்காக ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். முன்னால் இரண்டு சக்கரம், அவற்றின் நடுவே ஒட்டுப்பலகைப் பெட்டி, பின்னால் பாதிச் சைக்கிள். பெட்டியின் பின்விளிம்பில் இருக்கும் குறுக்குக் கம்பியே ஹேண்டில்பார். திருப்பினால் பெட்டி முழுவதுமே திரும்பும். அக்கம்பக்கத்தார் தங்களுக்கும் கேட்டார்கள். அது கிறிஸ்டியானியா சைக்கிள் ஆயிற்று.

சென்னையின் மீன்பாடி வண்டியைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். முன்னால் இரண்டு சக்கரம், நடுவே பலகை, பின்னால் ஓட்டுபவர். ஒரே கேள்விக்கு ஒரே விடை. அங்கே அதற்கு வடிவமைப்பு என்று பெயர், இங்கே தட்டுமுட்டு.

மூன்று சக்கரத்துக்கு ஒரு விலை உண்டு: அது சாயாது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால், உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான விசை வெளிப்பக்கம் தள்ளுவதாக உணர்வீர்கள். இருசக்கரச் சைக்கிள் 20 பாகை உள்ளே சாய்ந்து அதைச் சுலபமாகச் சமாளித்துவிடும். மூன்று சக்கரம் விறைத்துக்கொண்டு நிற்கும், பிறகு உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். வேகம் இரட்டிப்பானால் தள்ளல் நாலு மடங்கு. அதனால் வளைவுகளில் ஓட்டுபவர்தான் உடம்பை உள்ளே வளைக்க வேண்டும். திருப்பத்தில் பெட்டியோடு சேர்ந்து சாயும் மூன்று சக்கர வண்டியையும் பின்னாளில் கோபன்ஹேகன்காரர்களே செய்துவிட்டார்கள், அது வேறு கதை.

லாங் ஜான் போன்ற பழைய வண்டிகளைக் குழந்தைகளுக்கென்று யாரும் செய்யவில்லை. இறைச்சிக் கடை, பேக்கரி, பூக்கடைப் பையன்கள் ஓட்டியவை இவை. 'ஸ்வாயர்' என்று பெயர் அந்தப் பையன்களுக்கு, வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர்கள். அவர்களுக்கென்று பந்தயமும் நடந்தது. முதலில் வெறும் வண்டி, பிறகு டயர், மூட்டை என்று பாரம் ஏற்றிக்கொண்டு சுற்று. இடையில் நின்றுபோன அந்தப் பந்தயம் மறுபடி உயிர்பெற்றிருக்கிறது.

வண்டி மட்டும் புத்திசாலியாக இருந்தால் போதாது, சாலையும் ஒத்துழைக்க வேண்டும். ஆள், வண்டி, பாரம் சேர்த்து 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக் பிடித்தால், அவருடைய இயக்க ஆற்றல், அதாவது ஓட்டத்தில் சேமித்து வைத்த உழைப்பு, அத்தனையும் பிரேக் சூடாகப் போய்விடும். மறுபடி அதே வேகம் எடுக்க எவ்வளவு உழைக்க வேண்டும்? 15 லிட்டர் தண்ணீர்க் குடத்தை ஐந்தாவது மாடிக்குத் தூக்குகிற உழைப்பு. பத்து சிக்னல் என்றால் பத்துக் குடம்.

குடங்களைக் குறைக்க, நோரேப்ரோகாட என்ற நெரிசலான சாலையில் 2007 முதல் 'பச்சை அலை' ஓடுகிறது. அடுத்தடுத்த சிக்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சைக்கிளின் வேகத்துக்கேற்பப் பச்சையாகும் ஏற்பாடு. 20 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டர் கடக்க 36 விநாடி. ஆகவே 200 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த விளக்கு 36 விநாடி பிந்திப் பச்சையானால் போதும். அதே வேகத்தில் மிதிப்பவர் காலை ஊன்றாமலே ஊர் மையத்துக்குப் போய்விடுவார். காலையில் அலை நகரத்தை நோக்கி, மாலையில் வீட்டை நோக்கி.

அலை தவறினவர்களுக்கும் ஏற்பாடு உண்டு. சில சிக்னல்களில் சைக்கிள் பாதையை ஒட்டிக் கையால் பிடிக்க ஒரு கம்பி, அதற்குக் கீழே பாதம் வைக்க ஒரு தட்டு. பெட்டி நிறையப் பாரத்தோடு வருகிறவர் கம்பியைப் பிடித்து, தட்டில் ஒரு காலை வைத்து, இருக்கையிலிருந்து இறங்காமலே பச்சைக்காகக் காத்திருக்கலாம்.