ஒரு சாண் கீறலுக்கு 11 நாள்

கடந்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, காலை 8.40. பேருந்து நிலையத்துக்கு அடுத்த திருப்பத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கினேன். பக்கத்தில் வந்த காரின் பின்கதவை என் ஸ்கூட்டர் உரசிவிட்டது. காரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், உள்ளங்கை அளவுக்கு நெளிசல். என் வண்டியில் இடது இண்டிகேட்டர் உடைந்தது. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. கார்க்காரர் மகளைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்த ஆசிரியர். இறங்கி வந்தவர் கதவைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "அடி ஏதும் படலையே சார்?" என்று கேட்டார். தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். தெரிந்த பட்டறைக்குப் போன் போட்டு, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் ஆகும் என்றார். என் இண்டிகேட்டருக்கு 180. ஆக மொத்தச் சேதம் 3,680 ரூபாய். பேசி முடிக்க எங்களுக்கு ஆனது 6 நிமிடம்.

அந்த 6 நிமிடத்துக்குள் ஒருவர் 100-க்கும் இன்னொருவர் 108-க்கும் போன் செய்துவிட்டார்கள். மூன்றாமவர் வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். முதலில் ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்ற ஆளில்லாமல் நின்றது. பிறகு மூன்று பேரோடு ரோந்து ஜீப். ஜீப்பைப் பார்த்துக் கூட்டம், கூட்டத்தைப் பார்த்து உள்ளூர் டிவி கேமரா. நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று சொன்னதும் எஸ்எஸ்ஐ எங்களை ஓரமாக அழைத்துப் போனார். "வீடியோ குரூப்ல ஓடிக்கிட்டிருக்கு சார். டிவிக்காரங்க வேற வந்துட்டாங்க. இப்ப உங்களை அனுப்பிவிட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஜீப் வந்ததால் அது செய்தியானது, செய்தியானதால் வழக்கானது.

அன்று முதல் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். என் கண்ணெதிரே செலவான போலீஸ் நேரம் மட்டும் இது: ரோந்து ஜீப்பில் வந்த மூவர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். போக்குவரத்துக் காவலர் ஒரு மணி நேரம். இடத்தைப் பார்த்து மகஜர் எழுத 2 மணி, ஸ்டேஷன் ரைட்டர் எஃப்ஐஆர் பதிவு செய்து காகிதங்களைச் சேர்க்க 2 மணி. கூட்டினால் ஒன்பதரை மணி நேரம். ஆம்புலன்ஸ் 40 நிமிடம். பிரேக் இன்ஸ்பெக்டர் ஐந்தாம் நாள்தான் வந்தார். இரண்டு வண்டிகளையும் பார்த்து முடிக்க அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வண்டி என் கைக்கு வந்தது 11ஆம் நாள், அதுவும் வக்கீல் வைத்து நீதிமன்றத்தில் மனுப் போட்ட பிறகு.

என் கைக்காசு: 11 நாள் ஆட்டோவுக்கு 1,760, மூன்று நாள் சம்பளப் பிடித்தம் 2,700, வக்கீலுக்கு 2,500, ஜெராக்ஸ், ஸ்டாம்ப் வகையில் 240, நீதிமன்றத்தில் அபராதம் 1,000. மொத்தம் 8,200. கார் இல்லாமல் தனக்கு 5,400 செலவானதாக ஆசிரியர் சொன்னார். இருவருக்கும் சேர்த்து 13,600. பட்டறைச் செலவைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதனைக்காக எடுத்துப் போனால், முறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு. பறிமுதல் செய்த வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைப்பதில் பயனில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் எந்த ஸ்டேஷன் வாசலுக்குப் போனாலும், சக்கரம் மண்ணில் புதைந்து சீட்டில் செடி முளைத்த வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

சின்ன விபத்தைப் பதிவே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு லேசாக அடிபட்டிருந்தாலும் எஃப்ஐஆர் வேண்டும். அது இல்லாமல் இழப்பீடு கேட்டு நிற்பது பெரும்பாடு. பதிவு செய்வதில் தமிழ்நாடு கவனமாக இருக்கிறது என்றே எண்ணிக்கையைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. 2022-ல் இங்கே பதிவான விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் விபத்துகள் 41,746, இறந்தவர்கள் 22,595 பேர். அங்கே இரண்டு விபத்துக்கு ஒருவருக்கு மேல் சாவு என்றால், இங்கே ஏறக்குறைய மூன்றரை விபத்துக்கு ஒருவர். சிறிய விபத்துகளும் இங்கே ஏட்டில் ஏறுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அது நல்லதுதான். ஆனால் பதிவு செய்வது வேறு, பிடித்து வைப்பது வேறு. சேதம் மட்டும் நேர்ந்த இடத்தில் இரண்டு போட்டோ, இரண்டு கையெழுத்து, ஒரு சிஎஸ்ஆர் ரசீது போதும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

17,884-ஐ 365 ஆல் வகுத்தால் நாளுக்கு 49 பேர். நான் உரசிய அந்தத் திங்கட்கிழமையும் எங்கள் ஊர் பைபாஸில் ஒருவர் இறந்தார். அதிகாலையில் பால் வாங்கப் போனவர். இரவுச் செய்தியில் என் ஸ்கூட்டருக்கு 1 நிமிடம் 40 நொடி கிடைத்தது: பின்னணி இசை, சிவப்பு வட்டம், மூன்று முறை திரும்பத் திரும்ப அதே காட்சி, 'நூலிழையில் தப்பிய உயிர்' என்று தலைப்பு, கீழே என் வண்டி எண். அவருக்கு 12 நொடி. 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி' என்று தொடங்கி அவர் பெயர்கூட இல்லாமல் முடிந்தது.

அந்த 12 நொடியோடு இன்னும் 10 நொடி சேர்த்திருந்தால் ஒரு குடும்பத்துக்குப் பயன்பட்டிருக்கும். இடித்துவிட்டு ஓடிய வண்டி கிடைக்காவிட்டாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஆண்டு நாடு முழுவதும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205. முடித்துக் கொடுத்தவை 95. இந்த எண்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கு அது. வண்டியின் விவரம் ஒரு மாதத்துக்குள் தெரியவில்லை என்றால், இப்படி இழப்பீடு கேட்கலாம் என்று காவல் நிலையமே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கடிதம்தான். எழுதப் பத்து நிமிடம் போதும். என் கீறலுக்குச் செலவான ஒன்பதரை மணி நேரத்தில் 57 கடிதம் எழுதியிருக்கலாம்.

நான்காம் நாள் வண்டியைக் கேட்டு ஸ்டேஷனுக்குப் போனபோது பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டும் கணவரின் ஆதார் அட்டையும். பைபாஸில் இறந்தவரின் மனைவி. எஃப்ஐஆர் நகல் வாங்க வந்திருந்தார். "கொஞ்சம் இருங்கம்மா, இந்த சார் கேஸை முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார் ரைட்டர். முடியவில்லை. பன்னிரண்டரை மணிக்கு அவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த 2 லட்சத்தைப் பற்றி அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எங்கே மனுக் கொடுப்பது, என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் எஃப்ஐஆர் நகல் என்று எழுதியிருந்தேன். அது அவர் கைக்கு இன்னும் வந்திருக்கவில்லை.