பூட்டிக் கிடக்கும் கட்டிடம் ஊர் காக்கும் நிலையமாகலாம்

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அணை கோலுவதற்கு மண்ணும் கல்லும் வேண்டும். இக்காலத்தில் அவற்றோடு மற்றொன்றும் வேண்டுவதாயிற்று. அபாயச் செய்தியை முதலில் பெற்று, அதனை ஊர்தோறும் விரைந்து சேர்ப்பித்து, மீட்பும் உதவியும் எங்குத் தேவையோ அங்கு அனுப்பி வைக்கும் ஓர் இடமே அது. அதனை அவசரகாலச் செயல்பாட்டு மையம் என வழங்குகிறோம். இதற்கெனப் புதுக் கட்டிடம் எழுப்பத்தான் வேண்டும் என்பதில்லை. நம் ஊர்களில் பயனற்றுப் பூட்டிக் கிடக்கும் அரசாங்கக் கட்டிடங்களுள் தக்கதொன்றை இப்பணிக்கு உரியதாக்கிக் கொள்ளலாம். அதனை எவ்வாறு தேர்வது, எவ்வாறு செப்பனிடுவது, எவ்வாறு நடத்துவது என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஒன்றிய அளவில் மையம் ஏன் வேண்டும்?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்த பின்னரும் அது விரைந்து அகலாமையால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெருமழை பொழிந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் வெளியேறிற்று. ஆறு மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் வழியே கரைபுரண்டு ஓடியது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் திறக்கப்பெற்ற அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலமும் அவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. நமது மாவட்டம் கடற்கரை மாவட்டம் அன்று; புயல் நம்மை என் செய்யும் என்றிருந்த எண்ணம் அத்துடன் நீங்கிற்று.

அணை திறக்கப்படுவதற்கும் கீழுள்ள ஊரை நீர் எட்டுவதற்கும் இடையே சில மணி நேரமே உண்டு. அந்நேரம் நள்ளிரவாக இருப்பின் செய்தியை எவர் பெறுவார், பெற்றவர் எவரை எழுப்புவார் என்பதே உயிர் நிலையான கேள்வி. முன்னாளில் தண்டோரா முழக்கி ஊருக்கு அறிவித்தனர். 2022-இல் அரசாங்கம் அம்முறையைத் தடை செய்து, வாகனங்களில் ஒலிபெருக்கி அமைத்து அறிவிக்கும்படி பணித்தது. நல்ல மாற்றமே. ஆயின் அந்த ஒலிபெருக்கி எங்கே உள்ளது, அதன் பாட்டரி மின்னேற்றப்பட்டுள்ளதா, அறையின் சாவி எவர் கையில் உள்ளது என்பதை முன்னரே அறிந்திராவிடில் அதனால் பயன் யாது?

மாநிலத்துக்குச் சென்னைச் சேப்பாக்கம் எழிலகத்தில் மையம் உண்டு. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1070. மாவட்டத்துக்கு 1077. இவ்விரண்டும் பெரும் பரப்பை நோக்குபவை. எந்தத் தரைப்பாலத்தின் மேல் எப்பொழுது நீர் ஏறும், எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பது ஒன்றியத்தில் உள்ளோருக்கே தெரியும். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவும், பணியாளருக்குப் பயிற்சி அளித்தலையும் பேரிடர்க்கு வேண்டும் சாதனங்களை ஆயத்தமாக வைத்திருத்தலையும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக வகுத்துள்ளது. ஆகவே ஒன்றிய மையம் என்பது மேலுள்ள இரண்டையும் ஊரோடு இணைக்கும் கண்ணியாகும்.

எந்தக் கட்டிடம் தகும்?

ஏறத்தாழ ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஆள் புழங்காத கட்டிடங்கள் சிலவற்றைக் காணலாம். புது அலுவலகம் எழுந்த பின் கைவிடப்பட்ட பழைய அலுவலகம், மாணவர் குறைந்து மூடப்பட்ட பள்ளி, பயன் குறைந்த சேவை மையம், பழைய சமுதாயக் கூடம் ஆகியவை அவ்வகையின. இவற்றுள் எது காலியாக உள்ளது என்பது பெரிய கேள்வியன்று. பேரிடர் நேரும் நாளிலும் எது நிற்கும் என்பதே கேள்வி.

இதற்கு உலகம் இரு பாடங்களைத் தந்துள்ளது. நியூயார்க் நகரம் 1999-இல் தன் அவசரகால மையத்தை உலக வர்த்தக மையத்தின் 7-ஆம் எண் கட்டிடத்தில் பெரும் பொருட்செலவில் அமைத்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் அக்கட்டிடத்தையே காலி செய்ய நேர்ந்தது. அன்று மாலையே அது இடிந்து வீழ்ந்தது. சில தினங்களுக்குள் ஹட்சன் ஆற்றங்கரையில் பயணிகள் கப்பல் துறையொன்றை மையமாக மாற்றிப் பணியைத் தொடர்ந்தனர். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் 2011 பிப்ரவரி 22-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் 185 பேர் மாண்டனர். அங்கு மீட்புப் பணியின் தலைமையிடமாக அமைந்தது நகரின் ஓவியக் கூடம்! அது உறுதியாக நின்றது. உள்ளே இடம் விசாலமாக இருந்தது. முன்பு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. கப்பல் துறையும் ஓவியக் கூடமும் மையமாகலாமெனில், நமது பழைய பள்ளிக்கூடம் ஆகாதோ?

ஆகவே கட்டிடத்தைப் பார்க்கச் செல்லுங்கால் நான்கினை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, இடத்தின் உயரம். ஏரியின் கலங்கல், ஓடை, தாழ்ந்த நன்செய் ஆகியவற்றை ஒட்டிய கட்டிடம் எவ்வளவு புதிதாயினும் ஆகாது. 2024-இல் நீர் எதுவரை ஏறிற்று என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுச் சுவரில் குறித்தல் நலம். அவ்வூர் முதியவர் காட்டும் கோடு, வரைபடத்தினும் நம்பத்தக்கதாக அமைவதுண்டு.

இரண்டாவது, பாதை. ஒரே ஒரு தரைப்பாலத்தைக் கடந்துதான் அடைய முடியும் எனின் அதனை விலக்குக. இரு திசைகளிலேனும் பாதை இருத்தல் வேண்டும். ரிஷிவந்தியம் ஒன்றிய அலுவலகம் பகண்டை கூட்டுரோட்டில் அமைந்துள்ளது போன்று, சாலைகள் கூடும் இடமே இப்பணிக்குச் சிறந்தது.

மூன்றாவது, கட்டிடத்தின் உறுதி. கூரையின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகின்றதா? சுவரில் குறுக்காக ஓடும் வெடிப்பு உண்டா? மொட்டை மாடியில் ஆல், அரசு முளைத்து வேர் பாய்ந்துள்ளதா? இவற்றை ஓவர்சீயர் பார்த்துச் சொல்லலாம். எனினும் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்று பெறாமல் ஒரு நாற்காலியையும் உள்ளே வைத்தலாகாது. இடிக்கத் தக்கது எனச் சான்று பெற்ற கட்டிடத்தை வெள்ளையடித்து மையமாக்குவது, காக்க வந்தவரையே பலியிடுவதாகும்.

நான்காவது, உரிமை. நிலம் எவ்விலாகாவுக்கு உரியது, கட்டிடம் எவர் பதிவேட்டில் உள்ளது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிபார்த்து, ஒப்படைப்புக் கடிதத்தை எழுத்து மூலம் பெறுதல் வேண்டும். இதனைச் செய்யாது விட்டால் செலவிட்ட பின் பிணக்கு எழும்.

செப்பனிடும் முறை

செப்பனிடுதலில் அழகுக்கு முதலிடம் அன்று. கூரை ஒழுகாமையும் மழைநீர் வடியும் குழாய்கள் அடைபடாமையுமே முதற்பணி. அடுத்து மின்சாரம். பெருமழையில் மின்சாரம் நிற்பது உறுதி. பல வேளைகளில் பாதுகாப்புக் கருதி நாமே நிறுத்தவும் வேண்டும். ஆகவே மாடியில் சோலார் பலகைகள், உள்ளே பாட்டரி, இவற்றுக்குத் துணையாக ஒரு ஜெனரேட்டர் என மூவகை ஏற்பாடு செய்தல் நலம். ஜெனரேட்டரைத் தரையில் வைக்கலாகாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, கீழ்த்தளத்தில் இருந்த மின்னாக்கிகள் நீரில் மூழ்கிய இடங்கள் பட்ட துன்பத்தை நாடு அறியும். சென்ற வெள்ளக் கோட்டுக்குக் குறைந்தது 2 அடி மேலே மேடை கட்டி அதன் மீது அமைத்தல் வேண்டும். மின் பலகையும் அவ்வாறே உயரத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது தொடர்புச் சாதனம். கைப்பேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி நெடுநேரம் இயங்கா. ஆதலின் போலீசாரின் வயர்லெஸ் நிலையத்தோடு மையத்துக்கு நிலையான தொடர்பு இருத்தல் அவசியம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானின் அன்றைய போர்ட் பிளேரில் வேறு காரணமாகத் தங்கியிருந்த அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள், தொலைபேசி அற்ற நிலையில் தீவின் செய்திகளை வெளி உலகுக்கு அனுப்பினர். நமது மாவட்டத்தில் உரிமம் பெற்ற அத்தகையோர் இருப்பின் அவர்தம் உதவியை நாடி வைத்தல் அறிவுடைமையாகும்.

உள்ளே வேண்டுவன

சுவரில் ஒன்றியத்தின் பெரிய வரைபடம் ஒன்று வேண்டும். அதில் ஏரிகள், ஓடைகள், தரைப்பாலங்கள், தாழ்ந்த குடியிருப்புகள், தங்குவதற்குரிய பள்ளிகள் ஆகியவை வெவ்வேறு நிறத்தில் குறிக்கப்படட்டும். மொட்டை மாடியில் மழைமானி ஒன்று அமையட்டும். 1 மில்லிமீட்டர் மழை 1 ஹெக்டேர் நிலத்தில் 10,000 லிட்டர் நீராகும். 200 மில்லிமீட்டர் பெய்யின் அதே நிலத்தில் 20 லட்சம் லிட்டர். இக்கணக்கு மனத்தில் இருந்தால், மானியின் அளவைக் கண்ட மாத்திரத்தில் ஏரியின் நிலையை ஊகிக்கலாம்.

பதிவேடுகள் மூன்று போதும். முதலாவது சாதனப் பதிவேடு: ஜே.சி.பி., டிராக்டர், பரிசல், மரம் அறுக்கும் இயந்திரம், மணல் மூட்டை, கயிறு ஆகியன எவரிடம் எவ்வூரில் உள்ளன என்பது. இரண்டாவது மக்கள் பதிவேடு: மகப்பேற்றுக்கு நாள் நெருங்கிய தாய்மார், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்வோர், படுக்கையில் உள்ள முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் விவரம். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இதனை மாதந்தோறும் புதுப்பிக்கலாம். மூன்றாவது நிகழ்வுப் பதிவேடு: வந்த செய்தி, வந்த மணி, எடுத்த நடவடிக்கை, ஒப்பம். கணினியில் இவை இருப்பினும் தாளிலும் ஒரு படி இருத்தல் வேண்டும். மின்சாரமற்ற இரவில் தாளே கைகொடுக்கும்.

பணியாற்றும் முறை

வானிலை இலாகா 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைக் கனமழை எனவும், 115.6-க்கு மேற்பட்டதை மிகக் கனமழை எனவும், 204.4-ஐத் தாண்டியதை அதிகனமழை எனவும் வகுத்துள்ளது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் எச்சரிக்கை நிறங்களுக்கு ஏற்ப மையத்தின் பணியையும் வகுக்கலாம். மஞ்சள் எனில் பொறுப்பாளர் தொலைபேசி அருகில் இருப்பார், சாதனங்கள் சோதிக்கப்படும். ஆரஞ்சு எனில் இருவர் இரவும் தங்குவர். ஊராட்சிச் செயலர்களும் கிராம உதவியாளர்களும் தத்தம் ஊரை விட்டு அகலார். சிவப்பு எனில் 8 மணிக்கு ஒரு முறை மாறும் மூன்று குழுக்கள் 24 மணி நேரமும் பணி புரியும். தங்கும் பள்ளிகள் திறக்கப்பட்டுச் சமையல் தொடங்கும். நீர் ஏறக்கூடிய தரைப்பாலங்களின் இரு முனையிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்தப்படும். நீர் ஏறிய பின் தடுப்பது தாமதம். பாலத்தை மூடுக என்று மையத்திலிருந்து உரிய வேளையில் செல்லும் ஒரு சொல், ஒரு குடும்பத்தைக் காக்க வல்லது.

மழையற்ற நாட்களில்

இத்தகைய மையங்களுக்குப் பெரும் பகை, நல்ல காலமே. ஆண்டில் பத்து நாள் மட்டும் திறக்கப்படும் கட்டிடம் மீண்டும் பூட்டிக் கிடக்கும், பாட்டரி வீணாகும், சாவி தொலையும். ஒடிசா மாநிலம் இதற்கு நல்ல வழி கண்டது. 1999 அக்டோபரில் அங்குப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன்பின் கரையோரம் எழுந்த புயல் பாதுகாப்பு இல்லங்கள் பல, மற்ற நாட்களில் பள்ளியாகவும் கூடமாகவும் பயன்படும்படி அமைக்கப்பெற்றன. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் அளவினர் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். உயிரிழப்பு நூற்றுக்கும் குறைவாகவே நின்றது. நாமும் மையத்தின் ஓர் அறையை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்துக்கும், மற்றோர் அறையை இளைஞரின் படிப்பகத்துக்கும் அளிக்கலாம். தொடர்பு அறை மட்டும் தனியே பூட்டப்பட்டிருக்கட்டும். விளக்கு எரியும் கட்டிடத்தில் கறையான் ஏறாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்தில், ஓர் இரவு ஒத்திகை நடத்துதல் இன்றியமையாதது. முன்னறிவிப்பின்றி மின் இணைப்பைத் துண்டித்து, கடைக்கோடிக் குடியிருப்புக்குச் செய்தி சென்றடைய எத்தனை நிமிடம் ஆயிற்று எனக் குறிக்க வேண்டும். அந்நிமிடங்களின் எண்ணிக்கையே மையத்தின் உண்மையான மதிப்பீடு. சுவரின் வண்ணம் அன்று.

அரசாங்கம் பொருள் உதவி செய்யலாம். பொறியாளர் சான்று தரலாம். ஊரின் தாழ்வும் மேடும் அறிந்த மக்கள் உடன் நின்றாலன்றி மையம் வெறும் கட்டிடமே. ஆகவே ஊராட்சித் தலைவர்களும் இளைஞர்களும் மகளிர் குழுவினரும் தத்தம் ஊரில் பூட்டிக் கிடக்கும் அரசாங்கக் கட்டிடங்களை இம்மாதமே பார்வையிட்டு, மேற்கூறிய நான்கினையும் ஆராய்ந்து, அடுத்த கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. மேகம் திரளும் முன் சாவி எவரிடம் உள்ளது என்பதை ஊர் முழுதும் அறிந்திருக்கட்டும்.